செவ்வங்கி வீரனுக்குப் போட்ட சிவப்பு மருந்து

ஜவ்பர் நானா புத்தகத்தை முதலில் பார்க்கவில்லை. முகர்ந்தார்.

பதுளை பஜாரில் அவருக்குத் துணிக்கடை. துணி வெட்டுகிற மேசைமேல் ஒரு வெள்ளைச் சீலைத் துண்டை விரித்து, அதன் நடுவில் புத்தகத்தை வைத்திருந்தார். பூதக்கண்ணாடி கையில் தயாராக இருந்தது. ஆனால் கண்ணுக்கு முன்னால் மூக்கைத்தான் அட்டைக்குக் கொண்டுபோனார். இரண்டு முறை மூச்சை இழுத்தார்.

"என்ன தம்பி, ஆஸ்பத்திரி வாசம் அடிக்குது?"

"கையைக் கழுவிட்டுத்தான் நானா தொட்டேன்" என்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

என் பக்கத்தில் பவளம் நின்றாள். அவள் நானாவையும் பார்க்கவில்லை, புத்தகத்தையும் பார்க்கவில்லை. கடையின் மூலையில் இருந்த கைத் தையல் மெசினையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைக் கட்டித் தூக்கிப்போக ஒரு சாக்கும் கொஞ்சம் கயிறும் கொண்டுவந்திருந்தாள். புத்தகத்தைக் கொடுத்தால் மெசின். பேச்சு அப்படித்தான்.

நானா இப்போது பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு வைத்தார். அட்டையின் மேல் பக்கத்திலிருந்து மெதுவாகக் கீழே வந்தார். பாதி வழியில் நின்றுவிட்டார்.

"யா அல்லாஹ்! இதுக்கு யாரு சிவப்புப் போட்டது?"

"நான்தான் நானா" என்றேன். "சும்மா ஒரு ஆசைக்குப் போட்டேன். அதுக்காக நீங்க மேல ஒண்ணும் தர வேணாம்."

அதற்கு நானா என்ன சொன்னார் என்பதை எழுத இன்றைக்கும் எனக்குக் கை வரவில்லை. கொஞ்சம் சுற்றிவிட்டு வருகிறேன்.

மூன்று போத்தல்

பசறை ரோட்டில் இருந்த எங்கள் தோட்டத்தில் நான் மருந்துக்காரன் என்பதைப் போன வாரங்களிலேயே எழுதிவிட்டேன். புதிதாக வாசிக்கிறவர்களுக்காக இன்னொரு தரம் சொல்கிறேன். டாக்டர் ஐயா துண்டில் எழுதுவார். நான் ஊற்றிக் கொடுப்பேன். புண்ணைக் கழுவுவது, கட்டுப் போடுவது, வயிற்றுவலி என்று பொய் சொல்லிப் பெரட்டுக்குப் போகாமல் நிற்கிறவர்களைக் கண்டுபிடிப்பது எல்லாம் என் வேலை. பெரட்டு என்றால் காலையில் ஆள் எடுத்து வேலை பிரிக்கிற இடம். தோட்டத்தில் என்னை 'மருந்தையா' என்பார்கள். அதில் மரியாதை பாதி, கேலி பாதி.

என் அலுமாரியில் மூன்று பெரிய போத்தல் இருந்தது. சிவப்பு மருந்து, மஞ்சள் மருந்து, ஊதா மருந்து. வெட்டுக்காயத்துக்குச் சிவப்பு, நெருப்புப் பட்டால் மஞ்சள், வாய்ப்புண்ணுக்கு ஊதா. ஒரு தோட்டத்துச் சனத்துக்கு அது போதும் என்று துரைமார் நினைத்திருந்தார்கள்.

அந்த அலுமாரியில் இருந்ததை வைத்துப் புத்தகத்துக்கும் வைத்தியம் பார்த்த ஒரே ஆள் ஊவா மாகாணத்தில் நான்தான் என்று நினைக்கிறேன். யாராவது இருந்திருந்தால் எழுதுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

படக்கதைப் புத்தகம் என்றால் எனக்கு உயிர். இருபத்தைந்து வயது ஆம்பிளை முகமூடிக்காரன் கதையை வாசித்துக்கொண்டு திரிகிறானே என்று என் அம்மா லயத்தில் வீடு வீடாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். நான் அலுக்கவில்லை.

எழுபதுகளில் இந்தியாவிலிருந்து அந்தப் புத்தகங்கள் வருவது நின்றுபோனது. கையில் இருந்ததுதான் இருப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், பூட்டிய கடை ஒன்றின் தாழ்வாரத்தில், எங்களைப் போன்ற பத்துப் பன்னிரண்டு கிறுக்குகள் கூடி மாற்றிக்கொள்வோம். காசுப் பேச்சே கிடையாது, புத்தகத்துக்குப் புத்தகம்தான். யாரும் எழுதிவைக்காத சட்டம் ஒன்று இருந்தது. அட்டையோடு முழுசாக இருந்தால் ஒன்றுக்கு ஒன்று. அட்டை இல்லாவிட்டால் இரண்டு கொடுத்து ஒன்று வாங்க வேண்டும். அட்டைப்பூச்சி கடித்த இரத்தக் கறை நாயகன் முகத்தில் பட்டிருந்தால் அதுவும் அட்டை இல்லாத கணக்குத்தான். காலில் பட்டிருந்தால் மன்னிப்பு உண்டு.

கடைசிப் பக்கம் இல்லாத புத்தகம்தான் கடைசிச் சாதி. மூன்று கொடுத்தால் ஒன்று. அதோடு, கொடுக்கிறவர் முடிவை வாயால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அப்புத்தளைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு ஆள் ஒருமுறை நாயகன் பள்ளத்தில் விழுந்து செத்துப்போனான் என்று முடிவு சொன்னார். நாங்கள் இரண்டு நாள் துக்கமாக இருந்தோம். அடுத்த வாரம் வேறு புத்தகத்தில் அதே நாயகன் குதிரையில் போகிறான். அவருக்கு முடிவே தெரியாதாம். அதற்குப் பிறகு அவரை யாரும் நம்பவில்லை.

இப்படிப்பட்ட புத்தகங்கள் என்னிடம் வைத்தியத்துக்கு வரும். துருப்பிடித்த கம்பியைச் சாமணத்தால் இழுத்துவிட்டு, தையல் போடுகிற நூலால் முதுகைத் தைப்பேன். எண்ணெய்க் கறைக்குப் பவுடர் தூவி, மேலே கனம் வைப்பேன். கோதுமை மாக் கூழில் துளி மயில்துத்தம் கலந்து ஒட்டினால் கரப்பான் வராது. ஆரம்பத்தில் கிழிசலுக்குப் பிளாஸ்டர் போட்டேன். ஒரு மழைக்காலம் போனதும் கோந்து கசிந்து எழுத்தெல்லாம் மஞ்சளாகிவிட்டது. அந்த நோயாளிகள் தேறவில்லை.

மற்றது எல்லாம் தேறியது. "மருந்தையா கை பட்ட புத்தகம்" என்று சொல்லித் தாழ்வாரத்தில் கேட்டு வாங்குவார்கள். வைத்தியம் பார்த்தால் மதிப்பு ஏறும் என்று நான் நம்பினேன். அதை நம்பாமலிருக்க எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

நானாவின் கிறுக்கு

ஜவ்பர் நானா எங்கள் தாழ்வாரத்துக்கு வர மாட்டார். கடைக்குப் பின்னாலிருந்த அறையில் கண்ணாடி அலுமாரி வைத்து, அதில் படக்கதைப் புத்தகங்களை அடுக்கியிருந்தார். யாரையும் தொட விட மாட்டார். புதுப் புத்தகம் போலிருக்கும் ஒன்றைக் கொண்டுபோனால் "இருக்கு" என்று சொல்லித் திருப்பி அனுப்புவார். சில நேரம் கோணல்மாணலான ஒன்றை வாங்கிக்கொண்டு நல்ல சட்டைத் துணி வெட்டிக் கொடுப்பார். மனுசனுக்குக் கண் தெரியவில்லை என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. அவர் முதலில் தபால்தலை சேர்த்தவர். தபால்தலையில் ராணியின் தலை கவிழ்ந்து அச்சாகியிருந்தால், அதைக் கிழித்துப்போட மாட்டார்களாம். பெட்டியில் வைத்துப் பூட்டுவார்களாம். அந்தப் புத்தியை அவர் அப்படியே படக்கதைக்குக் கொண்டுவந்திருந்தார். அச்சுக்கூடத்தில் தப்பிவந்த பிழைதான் அவருக்கு வேண்டும். வெளியே சொன்னால் ஊரே பிழை செய்யத் தொடங்கிவிடும் என்று பயந்து, வாயைத் திறக்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், பூப்போட்ட சீத்தைத் துணியில் சாயம் தப்பி வந்திருந்தால் அதே நானா வாசலில் குவித்துப் பாதி விலைக்குக் கூவிக் கூவி விற்பார்.

பாஸ்போட் வந்த வீடு

பவளம் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்தாள். தாய்மார் கொழுந்து எடுக்கப் போகும்போது பிள்ளைகளை அங்கேதான் விட்டுவிட்டுப் போவார்கள். இருபது, இருபத்திரண்டு பிள்ளைகளை வைத்து மேய்க்கிற வேலை. அவள் கத்த மாட்டாள். படக்கதை வாசித்துக் காட்டுவாள். அதனால்தான் எனக்கும் அவளுக்கும் பழக்கம்.

அவளிடம் இருந்த ஒரே சொந்தப் புத்தகம் 'செவ்வங்கி வீரன்'. அதுவும் பழுதான பிரதி. புத்தகம் வந்துகொண்டிருந்த காலத்தில் பஜாரில் புத்தகக் கடைக்காரர் ஒருவர் "இதை யாரு தங்கச்சி வாங்குவா, நீ கொண்டு போ" என்று சும்மா கொடுத்தது. அட்டையில் சிவப்புச் சாயம் மட்டும் விழவே இல்லை. 'செவ்வங்கி வீரன்' என்று பெரிதாகப் பேர் போட்டிருக்கும். கீழே அவன் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு நிற்பான். வில்லனுக்கு உதடே இல்லை. நடுத்தாள்கள் எட்டுப் பக்கம் தலைகீழாகக் கட்டப்பட்டிருந்தன. போதாததற்கு, வெட்டும்போது ஒரு தாளின் மூலை மடிந்து உள்ளே போய்த் தப்பியிருந்தது. விரித்தால் முக்கோணமாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பிள்ளைகள் அதைக் 'காது' என்பார்கள். காதைப் பிடித்து இழுக்க அங்கே பெரிய போட்டி.

அவர்கள் வீட்டுக்குப் பாஸ்போட் வந்தது. இரண்டு அரசாங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி அவள், அப்பா, அம்மா மூன்று பேரும் இந்தியாவுக்குப் போக வேண்டும். அப்பாவுக்கு ஒரு கால் சரியில்லை. அம்மாவுக்கு நெஞ்சுச் சளி. மூன்று பேரின் வயிறும் இனி அவள் கையில்தான்.

"கூடலூர்ப் பக்கம் தேயிலைக்குத்தான் எடுப்பாங்களாம் மருந்தையா" என்று ஒருநாள் வந்து சொன்னாள். "அங்கயும் போய் யாருகிட்டயோ ஏச்சு வாங்கிக்கிட்டுக் கூடையைத் தூக்கணுமா? எனக்குத் தைக்கத் தெரியும். ஒரு மெசின் மட்டும் இருந்துட்டா நான் யாரு வாசல்லயும் போய் நிக்க மாட்டேன்."

வாத்தியார் வீட்டு மெசினில் அவள் தைக்கப் பழகியிருந்தாள். நன்றாகத் தைப்பாள்.

பயணத்துக்குத் துணி வாங்க நானா கடைக்குப் போனபோது, பேச்சுவாக்கில் தன்னுடைய புத்தகத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். சிவப்பு இல்லை, நடுத்தாள் தலைகீழ், காது நீட்டிக்கொண்டிருக்கும் என்று சிரிப்புக்குத்தான் சொல்லியிருக்கிறாள். நானா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாராம். "அதைக் கொண்டு வாங்க தங்கச்சி. அந்தா மூலையில சும்மா கிடக்குது பாருங்க கை மெசின், எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாராம்.

"எங்க கதையைக் கேட்டு மனசு இளகிருச்சு போல" என்றாள் பவளம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த மாதிரிப் புத்தகத்துக்கு மெசின் கொடுக்கிறார் என்றால் இரக்கத்தைத் தவிர வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

"கம்பி துருப்பிடிச்சிருக்கு. ஒரு தையல் மட்டும் போட்டுக் கொடுங்க மருந்தையா."

ஒரு தையல் மட்டும் போட்டிருக்கலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இத்தனை வயதுக்குப் பிறகு ஒளிக்க என்ன இருக்கிறது. எனக்குப் பவளத்தின்மேல் ஆசை இருந்தது. நிறைய இருந்தது. எங்கள் குடும்பம் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதியிருந்தது, அவர்கள் இந்தியாவுக்கு எழுதியிருந்தார்கள். 'என்னைக் கட்டிக்கிறியா, இங்கேயே இரு' என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பயம். கேட்க முடியாத ஆள் என்ன செய்வான்? புத்தகத்துக்கு வைத்தியம் பார்ப்பான்.

மூன்று ஆப்பரேஷன்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மருந்துச்சாலையில் நோயாளி ஒருவரும் இல்லை. மேசையைத் துடைத்து, கையைக் கழுவி, புத்தகத்தைப் படுக்க வைத்தேன்.

எங்கள் வாழ்க்கை முழுக்கப் பழுது எடுக்கிற வாழ்க்கை என்பதை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும். கொழுந்து நிறுக்கிற இடத்தில் கங்காணி கையை விட்டுக் கிளறுவார். முற்றின இலை இருந்தால் கழிப்பு, காம்பு இருந்தால் கழிப்பு. பக்டரியில் பெண்கள் நாள் முழுக்கக் குந்தியிருந்து தேயிலையில் குச்சி பொறுக்குவார்கள். பழுது என்றால் கழிப்பு என்பதைப் பிறந்த நாளிலிருந்து பார்த்து வளர்ந்த ஆள் நான். பழுதுக்காகக் கூட்டிக் கொடுக்கிற தராசு ஒன்று உலகத்தில் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

முதல் ஆப்பரேஷன், கம்பியைக் கழற்றித் தலைகீழாக இருந்த நடுத்தாள்களை நேராக்கி, நூலால் தைத்தேன். எட்டுப் பக்கமும் ஒழுங்காக நிமிர்ந்தன. இரண்டாவது, காது. புதுப் பிளேடால் ஒரே இழுப்பு. மூன்றாவது, சிவப்பு மருந்து. காதுகுடையும் குச்சியில் பஞ்சு சுற்றி, அங்கியின் மடிப்பு மடிப்பாகப் பார்த்துப் பூசினேன். கோட்டுக்கு வெளியே ஒரு சொட்டுப் போகவில்லை. மிச்சமிருந்ததில் வில்லனின் உதட்டுக்கும் கொஞ்சம்.

வந்து பார்த்த பவளம் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "அய்யய்யோ, புதுசு மாதிரியே இருக்கே! நானாவுக்கு இனி நம்ம மேல இரக்கப்பட வேண்டிய அவசியமே இல்ல."

அவள் சொன்னது சரியாகத்தான் போயிற்று.

மறுபடியும் மேசைக்கு

"தம்பி" என்றார் நானா. குரலை உயர்த்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "இந்தப் புத்தகத்தைக் கட்டுக் கட்டா அடிச்சாங்க. எல்லாத்துலயும் அங்கி சிவப்பு. என்கிட்டயே நாலு கிடக்குது. சிவப்பு விழாத ஒண்ணை நான் இத்தனை வருசத்துல கண்டதில்ல. அதுக்குத்தான் மெசின்."

பவளம் மெசினிலிருந்து கண்ணை எடுத்து முதல் தடவையாக நானாவைப் பார்த்தாள்.

"நடுவுல தலைகீழா இருந்திச்சாமே, அது?" என்று என்னைக் கேட்டார் நானா.

"நேராக்கிட்டேன்."

"காது?"

"வெட்டிட்டேன்."

"வெட்டின காது எங்க?"

"எரிச்சாச்சு நானா. மருந்துச்சாலையில வெட்டுறது எதுவானாலும் எரிக்கணும். அது சட்டம்."

நானா நாற்காலியில் உட்கார்ந்தார். என் பையில் பஞ்சும் ஸ்பிரிட்டும் எப்போதும் இருக்கும். அவசரமாக எடுத்துப் பஞ்சை நனைத்து அங்கியின் ஓரத்தில் வைத்தேன். சிவப்பு போகவில்லை. பக்கத்திலிருந்த கறுப்பு மை கரைந்து வந்தது. நானா எழுந்து என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"தொடாதீங்க. தொட்டது போதும்."

"அப்ப இப்ப இதுக்கு என்ன மதிப்பு நானா?" என்று கேட்டாள் பவளம்.

"கிழிஞ்சாலும் நனைஞ்சாலும் அது அச்சுல வந்த புத்தகம்தான். இதுல இன்னொருத்தர் கை ஏறிடுச்சு தங்கச்சி. கிழிசலை விடக் கீழ. நான் ஒங்களுக்குப் பொய் சொல்ல ஏலாது."

பவளம் சாக்கை மடித்தாள். கயிற்றைச் சுற்றி அதற்குள் வைத்தாள். புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை.

பசறை பஸ்ஸில் வளைவுக்கு வளைவு ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு வந்தோம். வேறொரு நாளாக இருந்திருந்தால் எனக்கு அது திருவிழா. அன்றைக்கு ரோட்டில் இறங்கி உருண்டுவிடலாமா என்றிருந்தது.

"விடுங்க மருந்தையா" என்றாள் அவள், மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே. "அழகாத்தான் இருக்கான்."

அடுத்த ஞாயிறு நான் மட்டும் போனேன். தலையில் என்னுடைய தகரப் பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயின்டால் என் பெயர் எழுதியது. உள்ளே நூற்றுக்கு மேல் புத்தகம். பத்து வருடச் சேமிப்பு முழுவதும் அதற்குள்தான் இருந்தது.

நானா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார், முகர்ந்தார், வைத்தார். "இதுலயும் உங்க கை. இதுலயும். இது என்ன, தையலா? மாஷா அல்லாஹ், நல்லாத்தான் தைச்சிருக்கீங்க. இதுலயும் உங்க கை." கடைசியில், என் கை படாதது ஏழோ எட்டோதான் தேறியது.

"சேர்க்கிறதுக்கு இது ஒண்ணும் ஆகாது தம்பி."

நான் பெட்டியை மூடவில்லை. நின்றேன். போக எனக்கு வேறு இடம் இருக்கவில்லை.

அவர் ஒரு புத்தகத்தை எடுத்து நடுவில் விரித்துப் பார்த்தார். "அலுமாரியில இருக்கிறதை நான் திறக்கிறதில்ல. திறந்தா முதுகு உடையும். உண்மையைச் சொன்னா, நான் இதுகள்ல ஒண்ணைக்கூட வாசிச்சதில்ல." முதுகுத் தையலை விரலால் தடவினார். "இது வாசிக்க ஆகும்ல?"

"எத்தனை தரம் வேணும்னாலும் ஆகும். நூல் உறுதி."

"பெட்டியை வச்சிட்டுப் போங்க. அந்தப் புள்ளைய வரச் சொல்லுங்க."

பவளத்திடம், நானா மனசு மாறிவிட்டார், புத்தகம் வேண்டாமாம், மெசினை எடுத்துக்கொள்ளட்டுமாம் என்றேன். "சும்மாவா?" என்று என்னை உற்றுப் பார்த்தாள். "சும்மாதான்" என்றேன். நான் பொய் சொல்வதில் கெட்டிக்காரன் இல்லை. அவளும் அப்பாவும் போய் மெசினைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தார்கள்.

பதுளை ஸ்டேஷனில் அவர்களை ஏற்றிவிடப் போனேன். அழுகைக் கோச்சி என்று அந்த ரயிலுக்கு யார் பெயர் வைத்தார்களோ, சரியாகத்தான் வைத்தார்கள். பிளாட்பாரம் முழுக்க ஓலம். மெசின் அவள் காலடியில் இருந்தது. புத்தகம் துணிப்பைக்குள். கோச்சி நகரும்போது நான் அழுதேன், வாய்விட்டே அழுதேன். பக்கத்தில் நின்றவர் கேட்டபோது இஞ்சின் புகை என்றேன். டீசல் இஞ்சின் வந்து எத்தனையோ வருடமாகியிருந்தது.

பொங்கலுக்கு ஒரு கடிதம்

வருடத்துக்கு ஒன்று, பொங்கலை ஒட்டி எழுதுவாள். மெசின் ஓடுகிறது என்று இருக்கும். அப்பா தவறிவிட்டார் என்று ஒருமுறை இருந்தது. அவளுக்கு அங்கே கல்யாணம் ஆனது. எனக்கு இங்கே ஆனது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

எண்பதுகள் பிறந்த பிறகு ஒருநாள் கடிதத்துக்குப் பதிலாகப் பார்சல் வந்தது. பதுளைத் தபால் கந்தோரில் கையெழுத்துப் போட்டு வாங்கி, வழக்கம்போல நானா கடைக்குப் போய் அங்கேயே பிரித்தேன். அதற்குள் நானாவும் நானும் அந்த அளவுக்குக் கூட்டாளிகளாகியிருந்தோம்.

உள்ளே செவ்வங்கி வீரன். வெள்ளை அங்கியோடு நின்றான்.

நானா பூதக்கண்ணாடியைத் தேடி இரண்டு லாச்சியைத் திறந்தார். கண்ணாடி அவர் கழுத்தில்தான் தொங்கியது. வெகுநேரம் பார்த்தார். ஓரத்தில் நான் ஸ்பிரிட் வைத்த இடத்தில் மட்டும் ஒரு மங்கல். மற்றபடி சிவப்பு என்று ஒன்று அங்கே இருந்த அடையாளமே இல்லை.

"வெயில் தின்னிருக்கு" என்றார். "தானாப் போயிருக்கு. யாரும் சுரண்டல்ல. காது போனா போகட்டும், தம்பி. நடுத்தாளை மறுபடி கவுத்துப்போட்டுட்டா..." பேச்சை முடிக்காமல், குனிந்து வெட்டுகிற மேசைக்கு அடியிலிருந்து என் தகரப் பெட்டியை இழுத்து வெளியே வைத்தார். "இவனை வச்சிட்டு இதைத் தூக்கிட்டுப் போங்க. எல்லாம் அப்படியே இருக்கு."

"வாசிச்சீங்களா நானா?"

"ரெண்டு தரம்."

மூடியில் என் பெயர் மங்காமல் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கை பெட்டியின் வளையத்துக்குப் போய்விட்டது. பிறகுதான் பார்சலுக்குள் கடிதமும் இருப்பதைப் பார்த்தேன்.

"மருந்தையாவுக்கு, நாங்க நல்லா இருக்கோம். மெசின் நல்லா ஓடுது, ரெண்டு பிள்ளைங்க எங்கிட்ட தைக்கப் பழகுதுங்க. இவனை மெசினுக்கு மேல ஜன்னல் பக்கமா மாட்டியிருந்தேன். வெயில்ல சிவப்பு போயிருச்சு. நானா பார்த்தா இப்ப கேப்பாரு, அது எனக்குத் தெரியும். கொடுத்துறாதீங்க. அன்னைக்கு மெசினை எடுக்கப் போனப்ப வெட்டுற மேசைக்கு அடியில ஒங்க பெட்டி இருந்துச்சு. மேல ஒங்க பேரு. கேட்டா ஒங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு கேக்கல. இங்க மருந்துக் கடையில சிவப்பு மருந்து வாங்கிப் பார்த்தேன், அந்த நெறம் வரல. நீங்களே பழையபடி போட்டு அனுப்புங்க. வெள்ளையா இருந்தா எனக்கு யாரோ மாதிரி இருக்கு. - பவளம்."

கடிதத்தை நானாவிடம் நீட்டினேன். அவர் பூதக்கண்ணாடியாலேயே அதையும் வாசித்தார். மடித்துக் கொடுத்தார். கடை வாசலில் யாரோ சீத்தைத் துணியின் விலை கேட்டார்கள். அவர் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"அந்த மருந்து எத்தனை நாளைக்கு நிக்கும்?"

"வெயில் படாம வச்சா நாள் கிடக்கும் நானா."

"அப்ப ஜன்னல் பக்கம் மாட்ட வேணாம்னு மறக்காம எழுதுங்க" என்றார். பிறகு, "கொண்டு போறதுக்கு முந்தி இன்னொரு தரம் பாத்துக்கிறேன்" என்று புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் காத்திருந்தேன். வெகுநேரம் பார்த்தார்.

பெட்டியைக் காலால் தள்ளி மேசைக்கு அடியிலேயே வைத்துவிட்டு, பசறை பஸ்ஸைப் பிடித்தேன். மருந்துச்சாலையில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவருக்கு வெட்டுக்காயம், ஒருவருக்கு வயிற்றுவலி. வெட்டுக்காயம் உண்மை. இருவரையும் அனுப்பிவிட்டு மேசையைத் துடைத்தேன். கையைக் கழுவினேன். சிவப்பு மருந்துப் போத்தலைத் திறந்து, குச்சியில் பஞ்சைச் சுற்றினேன்.

முதலில் அங்கி. பிறகு வில்லனின் உதடு.